டயர் அழுத்த சென்சார் மாற்றுவது: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு டயர் கடையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். முன்பெல்லாம் பஞ்சரா, புது டயரா, அலைன்மென்டா என்று மூன்றே கேள்வியில் வேலை முடிந்துவிடும். இப்போது சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கமிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டியை நிறுத்தியதும் டேஷ்போர்டைத்தான் காட்டுகிறார்கள். அவர்கள் கேட்டதையும், கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போது பிடித்து வைத்துக் கேட்டதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

மஞ்சள் விளக்கு எரிகிறது. சென்சார் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. குதிரை லாடம் போன்ற வளைவு, நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. அந்த விளக்கு எப்படி எரிகிறது என்பதைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எரிந்து, சிமிட்டாமல் அப்படியே நின்றால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு, அவ்வளவுதான். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் சிமிட்டிவிட்டு அதன் பிறகு நிலையாக எரிந்தால் கோளாறு டயரில் இல்லை, அளக்கும் அமைப்பில். அப்போதுதான் சென்சாரைச் சந்தேகப்பட வேண்டும். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது ஃபோனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் பத்து நிமிஷம் விவரிப்பதைவிட அது எனக்கு உதவும்.

கடைக்கு வருமுன் காற்றை அளந்துவிடுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். காலையில், வண்டி மூன்று கிலோமீட்டர்கூட ஓடாதபோது. எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். இந்த நாட்டில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ள முடியாது. ஊழியர்தான் போடுவார், கேட்டால் காற்றும் அடித்துத் தருவார். "எவ்வளவு?" என்று அவர் கேட்டதும் நம் ஆட்கள் எந்தக் காராக இருந்தாலும் "டூ பாயிண்ட் டூ" என்று சொல்லிவிடுகிறார்கள். 2.2 பார் (பார் என்பது காற்றழுத்தத்தின் அளவு) பல சின்ன கார்களுக்குச் சரி. ஐந்து பேரும் சாமானும் ஏறிய வண்டிக்கு ஸ்டிக்கரில் வேறு எண் இருக்கும், கூடுதலாக.

என் காரில் சென்சார் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சென்சார் உட்கார்ந்து, அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் காருக்குச் சொல்லும். இன்னொன்றில் சக்கரத்துக்குள் எதுவுமே கிடையாது. காற்று குறைந்த டயர் கொஞ்சம் சிறுத்துப் போகும், அதனால் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் அமைப்பு அந்த வித்தியாசத்தைக் கவனித்து விளக்கைப் போடும்.

ஒவ்வொரு டயரின் அழுத்தமும் எண்ணாகத் திரையில் தெரிந்தால் சென்சார் உள்ளே இருக்கிறது. போலோ, கோல்ஃப் போன்ற ஃபோக்ஸ்வாகன் கார்களில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். போலோ வைத்திருக்கும் ஒரு தம்பி "நாலு சென்சாருக்கும் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு வந்தார். காற்றைச் சரியாக வைத்து, மெனுவுக்குப் போய், இதுதான் சரியான அளவு என்று காருக்குச் சொல்லும் செட்டை அழுத்தி அனுப்பினேன். காசு வாங்கவில்லை.

வால்வைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பார்கள். உலோக வால்வு, அடியில் நட் என்றால் உள்ளே சென்சார் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ரப்பர் வால்வு என்றால் சென்சார் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ரப்பர் தண்டோடு வரும் சென்சார்களும் உண்டு, ஃபோர்டில் அடிக்கடி பார்க்கலாம். செட் பட்டனை வைத்தும் முடிவு செய்ய முடியாது. பழைய டொயோட்டாக்கள் சிலவற்றில் பட்டனும் இருக்கும், சென்சாரும் இருக்கும்.

பேட்டரியை மட்டும் மாற்ற முடியாதா?

கடிகாரத்துக்குப் போடும் பட்டன் செல்லின் அண்ணன் மாதிரி ஒரு லித்தியம் செல்தான் உள்ளே இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றிப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். வெட்டித் திறந்து, புது செல்லைப் பற்றவைத்து, மறுபடி மூடுகிறவர்களின் வீடியோக்கள் இருக்கின்றன. செய்யலாம். ஆனால் அது நெடுஞ்சாலையில் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றும், பிரேக் சூட்டில் வேகும், பள்ளத்தில் அடி வாங்கும். நான் செய்து தருவதில்லை.

ஐந்திலிருந்து பத்து வருஷம் உழைக்கும். வண்டி நிற்கும்போது சென்சார் தூங்கிவிடும். சக்கரம் சுற்றினால் விழித்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை போல பேசும். அதனால் நிறைய ஓடும் வண்டியில் சீக்கிரம் தீரும். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து, விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் இந்த எச்சரிக்கை அமைப்பு கட்டாயம். அந்தக் காலத்து ஐரோப்பிய கார்கள் இங்கே ஏராளம். அவற்றின் பேட்டரிகள் இப்போது வரிசையாகச் சாகின்றன. குளிர்காலக் காலையில் மட்டும் சிமிட்டி, வெயில் ஏறியதும் ஒழுங்காகிவிடும் வண்டி என்றால் பேட்டரி கடைசி மூச்சில் இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

சென்சார் வேலை செய்கிறது, ஆனால் காற்று இறங்குகிறது. அது எப்படி?

டர்பன்காரர்கள் எல்லாரும் படிக்க வேண்டியது இது. இங்கே முதலில் போவது பேட்டரி அல்ல, வால்வுத் தண்டு.

ப்ளஃப் பக்கம் குடியிருக்கும் ஒரு ஆயா பேரனோடு வந்தார். கடல் அவர் வீட்டு ஜன்னலுக்கு நேராக. முன் இடது டயரில் வாரம் ஒரு தடவை விளக்கு எரிகிறது, வேறொரு கடையில் "சென்சார் போச்சு, நாலையும் மாற்றணும்" என்று சொல்லிவிட்டார்களாம். ஸ்கேனரை ஒவ்வொரு சக்கரமாகக் காட்டினேன். நான்கும் பதில் சொல்லின. சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தேன். நட்டின் விளிம்பைச் சுற்றிக் கடுகு கடுகாகக் குமிழ். அதற்கு மேலே, மூடி தண்டைத் தொடும் இடத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது, ஈரத்தில் கட்டிப்போன உப்பு மாதிரி. மூடியை இரண்டு விரலால் திருகினேன், அசையவில்லை. ப்ளையரை வைத்து லேசாகத்தான் திருப்பினேன். தண்டு பாதியில் பிஸ்கட் போல உடைந்து, மூடியோடு ப்ளையரில் வந்துவிட்டது. டயர் 'உஸ்' என்று உட்கார்ந்தது. ஆயா என்னைப் பார்த்த பார்வை! நான்தான் உடைத்தேன் என்றே நினைத்திருப்பார்.

தண்டு அலுமினியம். பம்பில் இலவசமாகக் கிடைத்த மூடி பித்தளை. இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் கடல்காற்றின் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும். அலுமினியம் கரைந்துகொண்டே போகும். உள்ளே போகும் வால்வு பின்னுக்கும் இதே கதைதான். சாதாரண டயருக்குப் போடும் மஞ்சள் பித்தளைப் பின்னை சென்சார் தண்டில் போட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சென்சாருக்கு நிக்கல் முலாம் பூசிய வெள்ளைப் பின்தான் போட வேண்டும்.

அந்த வண்டியில் இருந்தது தண்டு தனியாகக் கழலும் வகை. தண்டை மட்டும் மாற்றினேன், மற்ற மூன்று சக்கரத்துக்கும் பிளாஸ்டிக் மூடி போட்டேன். சென்சார் ஒன்றுகூட வாங்கவில்லை. தண்டும் சென்சாரும் ஒரே வார்ப்பாக வரும் வகையாக இருந்திருந்தால் முழுசாக மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஆக, பளபளக்கும் உலோக மூடியை இன்றைக்கே கழற்றிப் போடுங்கள், அது இன்னும் கழலும்போதே. புது டயர் போடும் ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் கிட் கேளுங்கள்: ரப்பர் வளையம், வாஷர், நட், பின், மூடி, எல்லாம் ஒரு சின்னப் பையில் வரும். புது சென்சாரின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

ஒன்று செத்துவிட்டது. நான்கையும் மாற்ற வேண்டுமா?

பள்ளத்தில் விழுந்து அடிபட்டோ, டயர் மாற்றும்போது உடைந்தோ போயிருந்தால் அந்த ஒன்று போதும். எட்டு ஒன்பது வயசான காரில் பேட்டரி தீர்ந்து போயிருந்தால், மற்ற மூன்றும் அதே நாளில் பிறந்தவை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் புது டயர் போடப் போகிறீர்கள் என்றால் நான்கையும் சேர்த்தே மாற்றுவது லாபம். கூலி ஒரே தடவை. டயர் இன்னும் இரண்டு வருஷம் வரும் என்றால் செத்ததை மட்டும் மாற்றிவிட்டுக் காத்திருங்கள். நல்ல ஸ்கேனர் சில சென்சார்களின் பேட்டரி நிலையையும் காட்டும். மாற்றச் சொல்கிறவரிடம் அந்தத் திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிக்கொண்டு வந்தால் போட்டுத் தருவீர்களா?

தருவேன், ஆனால் முதலில் அலைவரிசையைப் பார்க்க வேண்டும். இங்கே விற்கும் கார்களில் பெரும்பாலும் ஐரோப்பாவைப் போல 433 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 அதிகம். ஒரே கார், ஒரே வடிவம், ஒரே திருகு அளவு. பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் அச்சு அசல். ஆனால் 315-ல் பேசுவது 433-ல் கேட்கிற காருக்குக் காதில் விழாது. அமெரிக்காவிலிருக்கும் மச்சான் பரிசாக அனுப்பிவைத்த நான்கு சென்சார் என் மேஜை இழுப்பறையில் இன்னும் கிடக்கிறது.

சென்சாரின் உடம்பிலேயே அலைவரிசை அச்சிட்டிருக்கும். பழையதைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம்.

கம்பெனி சென்சார் நல்லதா, எல்லா காருக்கும் பொருந்தும் வகை நல்லதா?

பெயர் தெரிந்த தயாரிப்பாக இருந்தால் எல்லா காருக்கும் பொருந்தும் வகையில் ஒரு குறையும் நான் பார்த்ததில்லை. அது வெற்றுப் பலகை மாதிரி வரும். கருவியில் உங்கள் கார் மாடலைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். அதில் ஒரு வசதியும் உண்டு. ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு அடையாள எண் இருக்கிறது, கார் அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. பழையதன் எண்ணை அப்படியே புதியதில் நகல் எடுத்துவிட்டால் காருக்கு ஆள் மாறியதே தெரியாது. பழையது அடியோடு செத்திருந்தாலும், கழற்றிப் பார்த்தால் எண் அதன் மேல் அச்சிட்டிருக்கும்; அழிந்திருந்தால் பல கார்களின் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடலாம்.

கடையில் மாற்றும்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், சென்சார் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். டயரை ரிம்மிலிருந்து பெயர்க்க மெஷினில் ஒரு இரும்புத் தட்டு வந்து பக்கவாட்டில் அழுத்தும். வால்வு இருக்கும் இடத்தில் அது அழுத்தினால் உள்ளே இருக்கும் சென்சார் நொறுங்கும். வால்வுக்கு எதிர்ப்பக்கம் வைத்து அழுத்த வேண்டும். புது டயரை ஏற்றும்போதும் அதன் விளிம்பு சென்சார் மேல் ஏறிவிடாதபடி தொடங்கும் இடத்தைப் பார்த்து வைக்க வேண்டும். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட சென்சார்களில் பல இந்த இரண்டு இடத்தில்தான் உயிரை விட்டவை. வண்டி கடையை விட்டுப் போய் இருபது நிமிஷம் கழித்துத்தான் விளக்கு எரியும் என்பதால் பழி யார் மேலும் விழுவதில்லை.

அடுத்து நட். வீல் நட்டை நூறு நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்குவோம். சென்சார் நட்டுக்கு வகையைப் பொறுத்து நான்கிலிருந்து எட்டு, அவ்வளவே. முறுக்கும் அளவைக் காட்டும் சின்ன டார்க் ரெஞ்சை எடுக்காமல் ஏர் கன்னை நீட்டுகிறவரைக் கண்டால் "அண்ணா, கொஞ்சம் நில்லுங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள். ரிம் துளையைச் சுற்றி இருக்கும் உப்பையும் அழுக்கையும் துடைத்துவிட்டுத்தான் புது ரப்பர் வளையத்தை வைக்க வேண்டும்.

கடைசியில் வீல் பேலன்ஸ். சென்சார் முப்பது கிராம் போல இருக்கும். வகை மாறினால் எடையும் மாறும். பேலன்ஸ் பார்க்காமல் விட்டால் நூறைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும். ஒரு சக்கரத்துக்கு முக்கால் மணி நேரம் கேட்டால் அதிகம். நான்குக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் நியாயம்.

மாற்றிய பிறகும் விளக்கு அணையவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்படாதீர்கள். புது எண்ணைக் காருக்கு அறிமுகம் செய்ய வேண்டும். சில கார்கள் தாமே கற்றுக்கொள்ளும்: பத்து இருபது நிமிஷம் நிற்காமல் ஓட்டினால் போதும். சாட்ஸ்வர்த்துக்குள் ரோபோவுக்கு ரோபோ நின்று நின்று போனால் நடக்காது, நெடுஞ்சாலையில் ஒரு நடை போய் வாருங்கள். புதிதாக வந்தவர்களுக்கு: ரோபோ என்றால் இங்கே சிக்னல் விளக்கு.

சில கார்களில் மெனுவில் கற்கும் நிலைக்குப் போட்டுவிட்டு, கருவியை முன் இடது சக்கரத்தில் தொடங்கி முன் வலது, பின் வலது, பின் இடது என்று வரிசையாகக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஹார்ன் ஒரு தடவை கத்தும். இன்னும் சிலவற்றுக்குக் கார் கம்ப்யூட்டரோடு பேச வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட்டில் கருவியைச் செருகி எண்ணை எழுதினால்தான் ஒத்துக்கொள்ளும். உங்கள் கார் எந்த வகை என்று வேலை தொடங்குமுன் கேட்டுவிடுங்கள். ஸ்கேனர் இல்லாத கடை என்றால் சென்சாரைப் போட்டுவிட்டு "கம்பெனியில் காட்டிக்கங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அங்கே மறுபடி ஒரு பில்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து (ஜோபர்க்) டர்பன் வந்தால் மட்டும் விளக்கு எரிகிறது. ஏன்?

ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஜோபர்க்கின் லெனேசியாவிலிருந்து வரும் சொந்தங்கள் வருஷா வருஷம் கேட்பது. ஜோபர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1750 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் 83 கிலோபாஸ்கல் அளவு, இங்கே 101. கேஜ் காட்டுவது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஆகவே அங்கே 2.2 பார் வைத்த டயர், சூடு அப்படியே இருந்தால், இங்கே 2.0 பார்தான். காற்று எங்கும் போகவில்லை. வெளியே அழுத்தம் ஏறிவிட்டது.

இது மட்டுமே விளக்கைப் போட்டுவிடாது. பல கார்களில் இருபது சதவீதம் போலக் குறைந்தால்தான் எரியும். நடப்பது இதுதான்: வான் ரீனன் கணவாய்க்கு முன்னால் ஹாரிஸ்மித்தில் நிறுத்துகிறார்கள், டீ குடிக்கிறார்கள், காற்றையும் பார்க்கச் சொல்கிறார்கள். மூன்று மணி நேரம் ஓடிச் சூடேறிய டயர் 2.4 காட்டும். "கூடுதலா இருக்கே" என்று 2.2-க்கு இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் காலை டர்பனில் குளிர்ந்த டயரில் 1.8-ஐ ஒட்டி வந்து நிற்கும், விளக்கும் எரியும். சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள். இங்கே வந்து சேர்ந்த மறுநாள் காலை ஒரு தடவை சரிசெய்யுங்கள், திரும்பிப் போனதும் அங்கே ஒரு தடவை. பத்து டிகிரி குளிர்ந்தால் 0.1 பார் குறையும் என்ற கணக்கையும் மனதில் வையுங்கள், ஜூன் ஜூலையில் உதவும்.

சில கார்கள் இருக்கும் இடத்துக் காற்றழுத்தத்தைக் கழித்துக் காட்டும், சில எப்போதும் கடல்மட்டக் கணக்கையே கழிக்கும். அதனால் ஜோபர்க்கில் கேஜுக்கும் திரைக்கும் 0.2 பார் வித்தியாசம் வந்தால் சென்சாரைத் திட்ட வேண்டாம்.

பஞ்சருக்கு நுரை மருந்து அடித்தேன். சென்சாருக்கு ஆபத்தா?

சென்சாரில் ஊசித்துளை போல ஒரு கண் இருக்கிறது. பசை அதை அடைத்தால் அழுத்தம் தெரியாமல் போகும். டப்பாவில் சென்சாருக்குப் பாதகமில்லை என்று எழுதியிருந்தாலும் சீக்கிரம் டயரைக் கழற்றித் துடைத்துவிடுவது நல்லது. வெளியிலிருந்து கயிறு சொருகிப் போடும் பஞ்சர் சென்சாரைத் தொடாது.

ஒரு மால் பார்க்கிங்கில் மட்டும் கோளாறு காட்டுகிறது.

கார் சாவி ரிமோட்டும் இந்த சென்சாரும் பேசுவது ஏறக்குறைய ஒரே 433 மெகாஹெர்ட்ஸில். நீங்கள் பூட்டும்போது சிக்னலை அமுக்கிவிட்டு, போனதும் கதவைத் திறக்கும் திருடர்களைப் பற்றி இங்கே தெரியாதவர் இல்லை. அப்படிப்பட்ட இரைச்சலில் சென்சாரின் குரலும் அமுங்கலாம். விளக்கைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்; முதலில் கதவுக் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்று சாதாரண வால்வு போட்டுவிடலாமா? மூடி வடிவில் வரும் சென்சார் எப்படி?

போடலாம், வண்டி ஓடும், விளக்கு நிரந்தரமாக எரியும். நாளை உண்மையிலேயே காற்று இறங்கினால் சொல்ல ஆள் இருக்காது. எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் காசு இல்லாத மாதத்தில் அப்படி அனுப்பியிருக்கிறேன், மாதம் இரண்டு தடவை கேஜ் வைத்துப் பார்ப்பதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு.

வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார், பழைய பக்கிக்கும் (இங்கே பிக்கப் வண்டிக்கு அந்தப் பெயர்) டிரெய்லருக்கும் நல்ல ஏற்பாடு. பேட்டரியை நாமே மாற்றலாம். ரப்பர் வால்வில் போட்டால் அந்த எடை வேகத்தில் தண்டை வளைக்கும், ஆகவே உலோக வால்வு போட்டுவிட்டுத் திருகுங்கள். தெருவில் நிறுத்தும் வண்டியில் அது ஒரு வாரம் தங்கினால் உங்கள் அதிர்ஷ்டம்.

நான்கு டயரும் சரி, நான்கு சென்சாரும் சரி. ஆனாலும் விளக்கு?

ஸ்டெப்னியைப் பார்த்தீர்களா? சில கார்களில் அதற்குள்ளும் ஒரு சென்சார் உண்டு.